கைவேலைக்கு என்ன விலை?

செஞ்சி என்றதும் ராஜகிரியின் உச்சி நம் கண்முன் நிற்கிறது. தேசிங்கு மன்னனின் கதையும், அவனுக்குத் தோள் கொடுத்த மாபத்கானின் நட்பும் நினைவுக்கு வருகின்றன. கோட்டைக்குள் இருக்கும் சாதத்துல்லா கான் பள்ளிவாசலைக் கண்டு வந்தோர் அதன் எழிலை வியந்து பேசுகின்றனர். 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் இக்கோட்டையையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. இத்தனை பெருமைகளுக்கிடையே, இவ்வூரின் தெருக்களில் ஓசையின்றி வளர்ந்து வரும் ஒரு சிறு தொழிலைப் பற்றியே ஈண்டு எழுத விழைகிறோம். வீட்டிலிருந்தவாறே நம் பெண்மக்கள் கேட்போர் விருப்பப்படி அலங்காரக் கேக் செய்து கொடுக்கும் தொழிலே அது.

முன்பெல்லாம் வீட்டில் விழா என்றால் ஜர்தாவும் பாயசமும் மணக்கும். இன்று பிள்ளை குர்ஆன் ஓதி முடித்தாலும், தேர்வில் தேறினாலும், வலீமா விருந்தானாலும், பெயர் பொறித்த கேக் ஒன்று நடுவே வந்து அமர்ந்துவிடுகிறது. இவ்வழக்கம் தேவையா என்ற விவாதத்தை நாம் இங்கு எடுக்கவில்லை. வழக்கம் வந்துவிட்டது. அதைச் செய்து தரும் கரங்களுக்கு உரியது கிடைக்கிறதா என்பதே நம் கேள்வி.

சொன்னபடி கேக் செய்து தருவது நம் நாட்டுக்கு நேற்று வந்ததன்று. 1883ஆம் ஆண்டு தலைச்சேரியில் மர்டாக் பிரவுன் என்ற ஆங்கிலத் தோட்டக்காரர், தாம் கொணர்ந்த கேக்கைக் காட்டி, அதுபோல் செய்து தருமாறு மாம்பள்ளி பாப்பு என்பவரைக் கேட்டார் என்றும், பாப்பு செய்ததைச் சுவைத்தபின் மேலும் ஒரு டஜன் கேட்டு வாங்கினார் என்றும் கூறுவர். கைத்திறனை அறிந்து மதித்தவர் அந்த வாடிக்கையாளர். இன்று நாம் காண்பதோ வேறு.

நம் தெருவில் இரு பெண்கள் இத்தொழிலைச் செய்கின்றனர். ஒருவர் கணவரை இழந்தவர். இரு பிள்ளைகளின் பள்ளிச் செலவும் வீட்டு வாடகையும் இந்த ஓவனின் சூட்டிலிருந்துதான் வர வேண்டும். மற்றவர் வசதியான வீட்டு மருமகள்; பொழுதுபோக்காகத் தொடங்கியவர். அவர் ஒரு கிலோ அலங்காரக் கேக்கை 600 ரூபாய்க்குக் கொடுத்தார். "எனக்கு இலாபம் வேண்டாம் மாமா, பொருள் செலவு வந்தால் போதும்" என்று நம்மிடம் மனநிறைவுடன் சொன்னார். தெருவே அவரைப் புகழ்ந்தது. ஆனால் 1,000 ரூபாய் சொன்ன விதவைப் பெண்ணைப் பார்த்து, "அங்கே 600தானே, நீ மட்டும் ஏன் கொள்ளையடிக்கிறாய்?" என்று அதே தெரு கேட்டது. இரு மாதங்களில் அவருடைய ஓவன் பாதி நாள் குளிர்ந்து கிடந்தது.

அப்பெண் தம் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து, "நான் கூடுதலாகக் கேட்கிறேனா, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா" என்றார். நாம் உட்கார்ந்து கூட்டினோம். விலைகள் மாறக்கூடியவை, முறையைக் காட்டவே இவ்வெண்களைத் தருகிறோம். மைதா, முட்டை, சர்க்கரை, வெண்ணெய், கிரீம் ஆகியவற்றுக்கு 450 ரூபாய். பெட்டிக்கும் அடிப்பலகைக்கும் 60. மின்சாரத்துக்கு 40. கருவிகளின் தேய்மானம், உடைந்த முட்டை, உருகி வீணான கிரீம் இவற்றுக்கு 50. ஆக 600 ரூபாய். அதாவது, 600க்கு விற்றால் ஐந்து மணி நேர உழைப்புக்கு ஒரு காசும் இல்லை! மணிக்கு 80 ரூபாய் வீதம் கூலி சேர்த்தாலே விலை 1,000 ஆகிறது. எட்டு மணி நேரம் உழைத்தால் 640 ரூபாய் என்ற கணக்கு இது. இதில் கொள்ளை எங்கே இருக்கிறது?

கேக்கை நிறுத்து விற்கும் வழக்கமும் மக்களை மயங்கச் செய்கிறது. "அரைக் கிலோவுக்குப் பாதி விலைதானே" என்கின்றனர். மாவு பாதியாகலாம், வேலை பாதியாவதில்லை. கோட்டை மதிலும் கொத்தளமும் வைத்துக் கேட்டால், சிறிய கேக்கில் அவற்றை அமைக்கப் பெரிய கேக்கை விடவும் பொறுமை வேண்டும். மறுபுறம், "இரண்டு அங்குலம்தானே கூட" என்று 6 அங்குல வட்டத்துக்குப் பதிலாக 8 அங்குலம் கேட்போர் உண்டு. உயரம் ஒன்றாக இருப்பின், அந்த இரண்டு அங்குலத்துக்கு மாவு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு வேண்டும். 12 அங்குலமானால் நான்கு மடங்கு. ஆகவே பொருளுக்கு அளவைப் பார்த்தும், அலங்காரத்துக்கு நேரத்தைப் பார்த்தும் தனித்தனியே விலை சொல்வதே நேர்மையான வழி. பாறைகள் அனல் கக்கும் சித்திரை வெயிலில் கிரீம் நிற்காது. நள்ளிரவிலும் விடியலிலும் கண்விழித்துச் செய்ய வேண்டியிருக்கும். அந்த உறக்கத்துக்கும் ஒரு விலை உண்டு.

விற்போருக்கும் கடமைகள் உண்டு. திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவையில் குறை செய்வோரின் பெயராலேயே அமைந்துள்ளதை நாம் அறிவோம். பெட்டியையும் பலகையையும் சேர்த்து நிறுத்து ஒரு கிலோ என்பது தகாது. வெண்ணெய் என்று சொல்லி வனஸ்பதி சேர்ப்பதும் தகாது. சர்க்கரையால் ஆன ஃபாண்டன்ட்டில் ஜெலட்டின் கலந்திருக்கக்கூடும். அது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று பார்த்து வாங்குவது அவர்கள் மீதுள்ள அமானிதம். நோன்புக்கு நாம் காய்ச்சும் கடற்பாசி பல இடங்களில் அதற்கு மாற்றாக உதவும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் செய்து விற்போரும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இன்னும் செய்யப்படாத பொருளுக்கு விலை பேசுவதை நம் ஃபிக்ஹு நூல்கள் விரிவாக ஆராய்ந்துள்ளன. ஹனஃபி மத்ஹபில் இதற்கு 'இஸ்திஸ்னா' என்று பெயர். பொருளின் வகையும் அளவும் தன்மையும் தெளிவாக இருக்க வேண்டும். சொன்னபடியே பொருள் அமைந்துவிட்டால் வாங்குபவர் மறுக்க இடமில்லை என்பது இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களின் கருத்து. உஸ்மானியரின் சட்டத் தொகுப்பான மஜல்லாவும் இதையே ஏற்றது. ஷாஃபி மத்ஹபில் இதனை 'ஸலம்' என்ற முறையில் கொள்வதால், பேசிய இடத்திலேயே முழுத் தொகையையும் கொடுத்துவிட வேண்டும். வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணத்தை அப்படியே வைத்துக்கொள்வதை ஹன்பலி மத்ஹபு அனுமதிக்க, ஏனைய மூன்றும் ஏற்பதில்லை. ஆகவே உள்ளூர் ஆலிம்களைக் கலந்து, நிறம், எடை, வடிவம், நாள், விலை அனைத்தையும் முதலிலேயே எழுதிக்கொள்வது இரு சாராருக்கும் நலம். "பார்த்துக் கொடுங்கள்" என்ற ஒரு சொல்லில் எத்தனை உறவுகள் கசந்திருக்கின்றன!

இந்நோட்டுக் கணக்கை அந்த வசதியான வீட்டு மருமகளிடமும் காட்டினோம். அவர் நெடுநேரம் அதைப் பார்த்தார். "நான் நன்மை செய்வதாகத்தான் நினைத்திருந்தேன்" என்றார். அவர் நினைத்ததில் தீமை இல்லை. ஆனால் தேவையில்லாதவர் தம் கூலியை விட்டுக்கொடுக்கும்போது, தேவையுள்ளவரின் கூலியும் சேர்ந்தே போய்விடுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் துணைவியார் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டும் தைத்தும் தம் கையால் பொருள் ஈட்டி, அதனைத் தருமம் செய்தார்கள் என்று வரலாறு கூறுகிறது. ஈட்டிய பின்பே ஈந்தார்கள் என்பதை நம் சகோதரிகள் சிந்திக்க வேண்டும். விலையைக் குறைத்தால் அச்சலுகை வசதி படைத்தவருக்கும் போய்ச் சேரும். கூலியைப் பெற்றுத் தருமம் செய்தாலோ அது ஏழையின் கையையே சேரும்.

இப்போது இருவரும் ஒரே விலை சொல்கின்றனர். வசதியான வீட்டுப் பெண்ணிடம் முன்போல் கூட்டமில்லை. அவர் அதற்காக வருந்தவுமில்லை. விதவைப் பெண்ணுக்கு இழந்தவற்றில் பாதி ஆர்டர்களே திரும்பியுள்ளன. மீதியும் வரும் என்று காத்திருக்கிறார். அடுத்த முறை நம் வீட்டு விழாவுக்குக் கேக் சொல்லும்போது, விலையைக் கேட்டதும் பேரம் பேசத் துடிக்கும் நாவைச் சற்றே அடக்கி, "இதற்கு எத்தனை மணி நேரம் ஆகும் அம்மா?" என்று கேட்போமாக.