100 வோல்ட் நாட்டுக்கு ஒரு ரைஸ் குக்கர்

ஜப்பானுக்கு விடுமுறைக்குக் கிளம்பும் நம் சைவக் குடும்பங்கள் பலவற்றில், துணிமணிக்கு முன்பே பெட்டிக்குள் போவது ஒரு சின்ன ரைஸ் குக்கர். அதற்குப் பின்னாலுள்ள பயம் நியாயமானது. சூரை மீனைப் புகையூட்டி, கல்லாக உலர்த்தி, மெல்லிய இழைகளாகச் சீவிப் போட்டு எடுக்கும் தாஷி என்ற சாறுதான் அந்நாட்டுச் சமையலின் அடித்தளம். மிசோ சூப்பிலும் உடோன் நூடுல்ஸ் குழம்பிலும் மட்டுமல்ல, பார்வைக்கு வெறும் கீரையாகவும் கத்தரிக்காயாகவும் தெரியும் தொடுகறியிலும் அது இருக்கும். உலர்ந்த கடற்பாசியையும் காளானையும் கொண்டு சாறெடுக்கும் பௌத்த மடத்துச் சமையல் உண்டு. ஆனால் கோயாசான் மலைக் கோயில் விடுதிகளில் கிடைப்பது எல்லாத் தெருவிலும் கிடைக்காது. ஆக, மின்கருவி எதை எடுத்துப்போவது என்ற கேள்வி ஜப்பானைப் பொறுத்தவரை சாப்பாட்டுக் கேள்விதான். என் கட்சி இது: சூடாக்கும் கருவி எதையும் எடுத்துப்போகக் கூடாது, படித்துச் சொல்லும் கருவிக்குத்தான் பெட்டியின் முழு இடத்தையும் தர வேண்டும்.

காரணம் மின்சாரத்தில் இருக்கிறது. நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், ஜப்பானில் 100. பாதிக்கும் குறைவுதானே, சோறு வேக இரண்டு மடங்கு நேரமாகும் என்று நினைத்தால் தவறு. கம்பிச்சுருள் தரும் சூடு வோல்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அங்கே கிடைப்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இங்கே 1,500 வாட் காட்டும் கெட்டில் அங்கே ஏறத்தாழ 280 வாட்தான் இழுக்கும். ஐந்தாறு நிமிடத்தில் கொதிக்க வேண்டிய தண்ணீர் அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அரிசி வேகாது, ஊறிக் குழையும். எதிர்த்திசையில் இது இன்னும் ஆபத்து: அங்கே ஆசையாக வாங்கிவரும் உள்ளூர் குக்கரை நம் சுவரில் செருகினால் ஐந்து மடங்குக்கு மேல் சூடேறிக் கருகும். கடைகளில் விற்கும் யுனிவர்சல் அடாப்டர் முள்ளின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்டைத் தொடாது. செல்போன், கேமரா சார்ஜர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. முதுகிலுள்ள பொடி எழுத்தில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் போதும். அந்த 50/60-க்கும் ஜப்பானுக்கும் ஒரு பழைய உறவு. 1890-களில் தோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டர்களையும் ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டர்களையும் வாங்கியதால், ஃபூஜி ஆற்றுக்குக் கிழக்கே 50, மேற்கே 60 என்று நாடு இன்றும் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. 2011 சுனாமிக்குப் பின் கிழக்கு இருண்டபோது, மேற்கிலிருந்து மாற்றித்தர முடிந்தது சுமார் 1,000 மெகாவாட் மட்டுமே. நூறாண்டுக்கு முந்தைய ஒரு கொள்முதல் இவ்வளவு தூரம் துரத்தும் என்பது எனக்கு ஆறாத வியப்பு.

இரண்டு வோல்டிலும் ஓடும் பயணக் குக்கர்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. ஆனால் ஜப்பானிய விடுதிகள் பலவும் தீ விபத்துக்கு அஞ்சி அறைக்குள் சமைப்பதைத் தடை செய்கின்றன. மீறிச் சமைத்தால், நமக்குப் பின் வரப்போகிற நம்மவர்களைப் பற்றியும் நாம்தான் ஒரு தவறான அபிப்பிராயத்தை உண்டாக்கிவிட்டு வருகிறோம். டிரான்ஸ்ஃபார்மர் தூக்கலாம் என்பவர்கள் அதன் எடையைப் பார்க்க வேண்டும்; குக்கரைத் தாங்கும் ஒன்று பல கிலோ கனக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, குக்கர் தருவதை அந்த ஊரே தருகிறது. தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் பெரும்பாலான அறைகளில் உண்டு. வேகவைத்து அடைத்த வெறும் சோறு தெருமுனைக் கடையிலேயே கிடைக்கிறது, சூடாக்க மைக்ரோவேவும் அங்கேயே. அந்த அரிசி ஒட்டும் தன்மையுள்ளது. சாம்பாருக்கு ஒத்துவராது, தயிர் சாதத்துக்கு வெகு பொருத்தம். 400 கிராம் டப்பாவில் சர்க்கரை சேர்க்காத தயிர் விற்கிறார்கள். ஊறுகாய் மட்டும் நம்முடையது.

இங்கேதான் போன் வருகிறது. அந்தத் தயிர் டப்பாவில் இனிப்பு இல்லை என்பதையும், உப்பிட்ட புளிப்புப் பழம் வைத்த சோற்றுருண்டையில் மீன்சாறு கலந்திருக்கிறதா என்பதையும் நமக்குச் சொல்லப்போவது அதன் கேமராதான். ஒவ்வாமைக்காக இறாலையும் நண்டையும் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்கிற ஜப்பானியச் சட்டத்தில் சூரை மீன் இல்லை; ஆகவே முகப்பில் எச்சரிக்கை தேடிப் பயனில்லை, பின்புறத்துப் பொடி எழுத்தை வரிவரியாகப் படித்தாக வேண்டும். மொழிபெயர்ப்புச் செயலியில் ஜப்பானியத்தையும் தமிழையும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் ஆங்கிலம் தெரியாத அம்மாவோ மாமியாரோ தாங்களே பார்த்து முடிவெடுக்கலாம். குக்கர் ஒரு குடும்பத்தை அறைக்குள் உட்கார வைக்கும். போன் கடைவீதிக்குக் கூட்டிப்போகும்.

நாளெல்லாம் கேமரா திறந்திருந்தால் பேட்டரி மாலைவரை தாங்காது. அதனால் பவர் பேங்க் அவசியம், ஆனால் ஒன்று போதும். 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட்-மணி. தடையின்றிக் கொண்டுபோகக்கூடிய 100 வாட்-மணிக்குள் அடங்கும். அது கைப்பையில்தான் போக வேண்டும். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் புசானில் புறப்பட நின்ற ஒரு விமானம் தீப்பற்றியதற்குப் பவர் பேங்க் காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணையில் தெரியவந்தது. அந்த ஜூலை முதல் ஜப்பானிய விமானங்களில் அதைத் தலைக்கு மேலுள்ள அறையில் வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வைக்கச் சொல்கிறார்கள். லேப்டாப்பை நான் சேர்க்கவே மாட்டேன். அது போனால் அலுவலகமும் கூடவே போகும்.

எல்லாம் ஒரே போனில் இருந்தால், அது தொலைந்த அன்று என்ன செய்வது என்ற கேள்விதான் என் கட்சிக்கு எதிரான வலுவான வாதம். அதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. வீட்டு அலமாரியில் தூங்கும் பழைய போனில் மொழிக்கோப்புகளையும், ஊர் வரைபடத்தையும், பாஸ்போர்ட், விசா நகல்களையும் ஏற்றி, குடும்பத்தில் வேறொருவர் பையில் போடலாம். ரயிலுக்கு, முன்பணம் ஏற்றிப் பயன்படுத்தும் சுய்க்கா அட்டையைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. நம்மூரில் விற்கும் ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலானவற்றில் அதை ஏற்ற முடியாது, அட்டைக்கோ சார்ஜ் தேவையில்லை. கையால் எழுதிய உணவுப் பட்டியலில் எந்தக் கேமராவும் தடுமாறும். அந்த இடத்துக்காக, மீனும் மீன்சாறும் கூடாது என்பதை ஜப்பானிய மொழியில் பெரிய எழுத்தில் அச்சடித்த ஒரு தாளைப் பணப்பையில் வைத்துக்கொள்ளலாம்.