முகத்தைக் காட்டும் ஒளி

கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயல், மின்சாரத்தை முன்னதாகவே கண்ட ஊர். காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம், 1902-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து இவ்வூரின் சுரங்கங்களை வந்தடைந்தது. பெங்களூருத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்தே. ஆயினும், அம்மின்சாரம் முதலில் வந்தது சுரங்க எந்திரங்களை இயக்குவதற்காக. அங்கு உழைத்த மனிதரின் முகங்களுக்காக அன்று.

வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர், தலைமுறை தலைமுறையாக அச்சுரங்கங்களில் உழைத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழம் உடையது. அங்கே பகலும் இரவும் ஒன்றே. தலைக்கவசத்தில் பொருத்திய விளக்கு எத்திசை நோக்குகிறதோ, அத்திசை மட்டுமே தொழிலாளியின் உலகம். அவ்விளக்கு எதிரிலுள்ள பாறையைக் காட்டியது. அதனை அணிந்தவரின் முகத்தைக் காட்டவில்லை.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அவற்றுள் இறங்கியோர் இன்று முதுமை எய்திவிட்டனர். 2018-இல் வெளிவந்த ‘கே.ஜி.எஃப்’ என்னும் கன்னடத் திரைப்படமும், 2024-இல் வெளிவந்த ‘தங்கலான்’ என்னும் தமிழ்த் திரைப்படமும் இவ்வூரின் பெயரைத் தொலைவிலும் பரப்பின. அவை கற்பனை கலந்த கதைகள். உண்மையில் உழைத்தவரின் முகமும் சொல்லும் வீட்டிலுள்ள கைப்பேசியிலேனும் பதிவாக வேண்டும். அதற்குப் பெரிய விளக்குகள் வேண்டா. ஒளியின் இயல்பை அறிந்தால் போதும்.

தொழிலாளர் குடியிருப்புகளை அவ்வூர் மக்கள் ‘லைன்’ என்பர். அவ்வீடுகள் சிறியவை, வாசலே வெளிச்சம் நுழையும் பெருவழி. தாத்தாவை வாசலுக்கு முதுகு காட்டி அமரச் செய்து, உள்ளிருந்து பேரன் படம் எடுத்தால் என்ன நேரும்? கைப்பேசி, பின்னாலுள்ள வெயிலுக்கு ஏற்பத் தன்னுள் புகும் ஒளியைக் குறைத்துக்கொள்ளும். வாசல் பளிச்சிடும், தாத்தாவோ கருநிழலாகிவிடுவார். குரல் கேட்கும், கண்கள் தெரியா.

அவரைச் சற்றே திருப்பி, வாசலின் ஒளி முகத்தின் ஒரு பக்கத்தில் சாய்வாக விழுமாறு அமர்த்துதல் வேண்டும். இதுவே முதன்மை ஒளி. சாய்ந்து விழும் ஒளியில் கன்னத்தின் மேடும் நெற்றியின் சுருக்கமும் தெளிவாகத் தோன்றும். கைப்பேசியின் சிறுவிளக்கை நேரே காட்டினால் அவை மறையும். பார்க்கும் திசையிலிருந்தே ஒளியும் செல்வதால் நிழல்கள் புலப்படா, முகம் தட்டையாகிவிடும், முதியவரின் கண்ணும் கூசும்.

முகத்தின் மறுபக்கம் இருண்டிருக்கும். அப்பக்கத்தில் வெள்ளை வேட்டியையோ தெர்மாகோல் பலகையையோ பிடித்தால், வாசலொளி அதில் பட்டுத் திரும்பி இருளைத் தணிக்கும். இது நிரப்பொளி. இருளை முற்றிலும் நீக்கிவிடுதல் கூடாது; சிறிது நிழல் இருந்தால்தான் முகத்திற்கு உருவம் உண்டு. அவருக்குப் பின்னே, சற்று உயரத்தில், படத்தில் தெரியாதவாறு ஒரு சிறு வெண்ணிற விளக்கை வைத்தால், அது தலைமுடியிலும் தோளிலும் ஒளிக்கோடு இட்டு அவரைச் சுவரிலிருந்து பிரித்துக் காட்டும். இது பின்னொளி. இம்மூன்றுமே ஒளிப்பதிவின் அடிப்படை.

ஒளி தரும் பரப்பு பெரிதானால் நிழலின் விளிம்பு மென்மையாகும், சிறிதானால் கூர்மையாகும். நேர்வெயில் உள்ளே விழும் வேளையில் வாசலில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டுவது இதனால்தான். திறந்தவெளியில் உச்சிவேளையைத் தவிர்த்தல் நன்று. கதிரவன் தலைக்குமேல் நிற்கும்போது கண்குழிகள் கருத்துவிடும். சிறு விளக்கை இருமடங்கு தொலைவுக்கு நகர்த்தினால் அதன் ஒளி பாதியாகக் குறைவதில்லை. நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. ஒளிக்கு நிறமும் உண்டு. பகலொளி ஏறத்தாழ 5600 கெல்வின்; மஞ்சள் குண்டு பல்பின் ஒளி ஏறத்தாழ 2700 கெல்வின். இரண்டும் கலந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் மஞ்சளாகவும் தோன்றும். எனவே, பகலில் படம் எடுக்கும்போது மஞ்சள் பல்பை அணைத்துவிட வேண்டும்.

நல்ல பின்னணி வேண்டும் என்று முதியவரை ஊரின் சயனைடு மேடுகளுக்கு அழைத்துச் செல்லுதல் முறையன்று. சுரங்கத் தூசியால் நுரையீரல் நோயுற்றோர் தங்கவயலில் பலர். மேட்டின் தூசி அவர்களுக்கு மேலும் கேடு செய்யும். பழகிய வாசலே போதுமானது. முதலில் அவருடைய இசைவைப் பெறுதல் வேண்டும். மூச்சு வாங்கும்போது பதிவை நிறுத்தி, அவர் இளைப்பாறிய பின் தொடர வேண்டும். பெயர், இறங்கிய சுரங்கம், உழைத்த ஆண்டுகள் ஆகியவற்றை அவர் வாய்ச்சொல்லாலேயே தொடக்கத்தில் பதிந்துகொள்ளல் நலம். பின்னர், துளையிட்ட கருவியின் பிடியை அவர் கையசைத்துக் காட்டும்போது, அக்கையின் மேலும் வாசலொளி விழுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், அவர் சொல்லாமல் விட்டதை அக்கை சொல்லக்கூடும்.