பாம்படத்துக்கு அளந்த வெளிச்சம்

"ஏய்யா, காது எங்கய்யா போச்சி?"

கேமராத் திரையை எட்டிப் பார்த்துவிட்டு ஆச்சி கேட்டாள். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், காலை ஒன்பது மணி, திண்ணை நிழல். 110 மி.மீ. லென்ஸை எஃப் 2 வரை திறந்து வைத்து, ஆச்சியின் கண்ணில் ஃபோகஸ் பிடித்து எடுத்திருந்தேன். இமைமயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் ஆச்சி விடிகாலையிலேயே எழுந்து, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவித் துடைத்து காதில் மாட்டிக்கொண்டு வந்திருந்த தங்கப் பாம்படம் இரண்டும் மஞ்சள் புகையாகக் கரைந்து கிடந்தன. அவை படத்தில் விழ வேண்டும் என்றுதான் அவள் உட்காரவே சம்மதித்திருந்தாள்.

கணக்குப் போட்டால் புரிந்துவிடும். ஒன்றரை மீட்டர் தூரத்தில், அந்த லென்ஸில், எஃப் 2-ல் தெளிவாக விழும் ஆழம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. கண்ணிலிருந்து காதுக்குப் பின்னோக்கி அதைப்போல மூன்று மடங்கு இருக்கும். மீடியம் பார்மட் டிஜிட்டல் வாங்கும் எல்லோரும் முதல் ஆறு மாதம் இந்த மூன்று சென்டிமீட்டருக்குள்தான் குடியிருப்பார்கள். பின்னணி முழுக்க 'அவுட்' ஆக வேண்டும், கண் மட்டும் நிற்க வேண்டும். நானும் அப்படித்தான் இருந்தேன். அதற்காகத்தானே, பழைய கார் ஒன்று வாங்கும் காசைக் கொட்டி ஃபூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ் 50ஆர் வாங்கியது. கார் என்றால் நாலு பேர் போகலாம் என்று வீட்டில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் பெரியப்பா. கோவில்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருந்தார். அவரிடம் இருந்தது யாஷிகா மேட் 124ஜி, இரட்டை லென்ஸ் பெட்டி. மேல்மூடியைத் திறந்து குனிந்து பார்த்தால் உலகம் இடம்வலமாக மாறித் தெரியும். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் செய்த 'இந்து' ரோல் போடுவார். ஒரு ரோலுக்கு 12 படம். அந்த நெகட்டிவ் பக்கத்துக்கு 56 மி.மீ. சதுரம். என் கேமராவின் சென்சார் 43.8-க்கு 32.9 மி.மீ. அதாவது பெரியப்பாவின் நெகட்டிவில் பாதிகூட இல்லை. 35 மி.மீ. ஃபிலிம் அளவிலான சென்சாரோடு ஒப்பிட்டால் 1.7 மடங்கு பரப்பு, அவ்வளவுதான். மீடியம் பார்மட் என்ற பேரைக் கேட்டு மலைக்கிறவர்களிடம் இதைச் சொல்லிவிடுவேன். 53-க்கு 40 மி.மீ. சென்சார் உள்ள கேமராக்களும் உண்டு, அவை விளம்பரக் கம்பெனிக்காரர்களின் கையில் இருக்கின்றன.

ஆனாலும் இந்த 1.7 மடங்கு சும்மா இல்லை. ஐந்து கோடிப் பிக்சலுக்குமேல் இருக்கிறது, ஒரு ரா ஃபைல் நூறு எம்.பி.யைத் தாண்டும். இவ்வளவு நுணுக்கமாகப் பதிகிற சென்சாரில் கையின் சிறு நடுக்கமும் பதிந்துவிடும். 63 மி.மீ. லென்ஸுக்கு ஷட்டர் 1/60 போதும் என்பது ஃபிலிம் காலத்துப் பாடம். இந்தக் கேமராவில் 1/60-ல் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேட்டிக் கரை இரண்டு கோடாக இருந்தது. கேமராவுக்குள் நடுக்கத்தைத் தாங்கும் ஏற்பாடு இந்த மாடலில் கிடையாது. இப்போது கையில் பிடித்தால் 1/250-க்குக் கீழே இறங்குவதில்லை, இல்லாவிட்டால் டிரைபாட்.

பட்டுச்சேலை இன்னொரு தலைவலி. பிக்சல் வரிசையும் நெசவின் இழைவரிசையும் ஒன்றோடொன்று மோதி, அரக்குச் சேலையின் உடம்பில் பச்சையும் ஊதாவுமாக அலை அடிக்கும். கம்ப்யூட்டரில் அதை அழிக்க உட்கார்ந்தால் சேலையின் நிறமும் சேர்ந்து போகும். எடுக்கிற இடத்திலேயே ஒரு எட்டு முன்னே அல்லது பின்னே நகர்ந்துவிடுவதே மேல். நகர்ந்தால் அலை பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் எஃப் 16-க்குக் கொண்டுபோய் லென்ஸின் கூர்மையையே கொஞ்சம் மழுக்குவேன். கூர்மைக்கென்று லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு அதை நானே மழுக்குவது வேடிக்கைதான்.

கல்யாணத்துக்கு இதைக் கொண்டுபோன கதையையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம். புதுக் கேமரா மிதப்பில் முன்வரிசையில் நின்றேன். கெட்டிமேளம் முழங்குகிறது, அட்சதை பறக்கிறது, மாப்பிள்ளை குனிகிறார். லென்ஸ் ஃபோகஸைத் தேடி முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போகிறது. பறக்கிற அட்சதையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது முடிச்சு, மூன்றாவது முடிச்சு எல்லாம் ஆயிற்று. என்னிடம் இருந்தது ஒரு மஞ்சள் அரிசியின் அற்புதமான உருவப்படம். உதவிக்கு வந்திருந்த பையன் தன்னுடைய சின்ன கேமராவில் அத்தனையும் எடுத்திருந்ததால் மானம் தப்பியது. நிற்கிற, உட்கார்கிற, காத்திருக்கிற விஷயங்களுக்கான கேமராவைத் தாலி கட்டும் இடத்துக்குக் கொண்டுபோனது என் தப்பு.

இதற்கான வேலை எது என்று தெரிந்துகொள்ள எனக்குக் கறுத்த முகங்கள் தேவைப்பட்டன. பெரியப்பா ஸ்டுடியோவில் ஜன்னல் ஓரம் ஒரு சாய்வு மேசை இருக்கும். அதில் நெகட்டிவை வைத்து, ஊசிமுனைப் பென்சிலால் முகத்தின்மேல் புள்ளி புள்ளியாக வைப்பார். பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். அதற்குப் பேர் டச்சிங். கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையம், கன்னத்துச் சுருக்கம், அம்மைத் தழும்பு எல்லாம் போய், கரிசல்காட்டு முகம் மாவு பூசிய முகமாக வெளியே வரும். வாடிக்கையாளர் கேட்டதும் அதைத்தான்.

கறுத்த தோல் வெறும் கறுப்பு இல்லை. நெற்றி மேட்டில் செம்பு, கன்னத்துச் சரிவில் எண்ணெய் மினுக்கு, தாடைக்குக் கீழே கொஞ்சம் நீலம். இவை ஒன்றிலிருந்து ஒன்றாக இறங்கி வரும் படிகள் மிகச் சின்னவை. சின்ன சென்சாரில் எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் நிழலை வெளிச்சமாக்கித் தூக்கினால் அந்தப் படிகள் உடைந்து புள்ளிகளாகச் சிதறும். இந்தக் கேமராவில் இரண்டரை, மூன்று ஸ்டாப் தூக்கினாலும் படி படியாகவே நிற்கிறது. நான் கொடுத்த காசுக்கு உண்மையில் கிடைத்த பொருள் இதுதான் என்று நினைக்கிறேன். பின்னணியை அவுட் ஆக்குவதற்கு மலிவான வழிகள் உண்டு.

அதனால் பெரியப்பாவின் முதல் பாடத்தையே தலைகீழாக்க வேண்டியிருந்தது. "நிழலுக்கு வைடா, வெளிச்சம் தன்னைத்தானே பாத்துக்கிடும்" என்பார். நெகட்டிவ் ஃபிலிமுக்கு அது சரி. வெளிச்சம் கொஞ்சம் கூடிவிட்டாலும் ஃபிலிம் தாங்கும், நிழலில் ஒன்றுமே பதியாமல் போனால் அதை மீட்க முடியாது. சென்சாரில் நேர் எதிர்: வெளிச்சம் வழிந்துவிட்டால் அந்த இடம் வெறும் வெள்ளைக் காகிதம், நிழலில் இருப்பதைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். கேமராவின் மீட்டர் கறுத்த முகத்தைப் பார்த்ததும் 'இருட்டு' என்று பயந்து வெளிச்சத்தைக் கூட்டும். அந்தப் பயத்தில் முதலில் வெந்துபோவது காதில் தொங்கும் தங்கம்.

அன்று ஆச்சி கேட்ட பிறகு எல்லாவற்றையும் மாற்றினேன். கேமராவை டிரைபாடில் ஏற்றினேன். எஃப் 11. ஒரு எட்டுப் பின்னால் போனேன். ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/125. பாம்படத்தின் மினுக்குக்கு வெளிச்சத்தை அளந்தேன், முகம் திரையில் கரியாகத்தான் தெரிந்தது, தெரியட்டும் என்று விட்டேன். இந்த மாடலின் திரை மேல்நோக்கி மடங்கும். யாஷிகாவில் பெரியப்பா குனிந்தது மாதிரியே குனிந்து பார்க்கலாம். கேமரா என் முகத்தை மறைக்கவில்லை. ஆச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் வாய்க்குள் வெற்றிலை அரைபடுவது நிற்கும்வரை காத்திருந்தேன். ஆறு படம்தான் எடுத்தேன்.

முகத்தைக் கம்ப்யூட்டரில் இரண்டு ஸ்டாப் தூக்கி, 16-க்கு 20 இஞ்ச் மேட் பேப்பரில் பிரிண்ட் போட்டு, அடுத்த மாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆச்சி முகத்தைப் பார்க்கவே இல்லை. விரலை நேரே காதுக்குக் கொண்டுபோனாள். இழுபட்டு நீண்ட காதுமடலின் மடிப்பு, அதில் தொங்கும் பாம்படத்தின் பட்டைகள், பட்டைக்குப் பட்டை மாறும் மஞ்சள், எல்லாம் இருந்தன. இடது பாம்படத்தின் அடிப்பட்டையில் ஓர் ஒடுக்கும் இருந்தது. எடுக்கும்போது நான் கவனிக்கவில்லை. உள்ளே அரக்கு நிரப்பிய மெல்லிய தகடு, அழுத்தினால் உள்வாங்கிவிடும்.

விரல் அங்கே நின்றது.

"இதுகூடவா விழுந்திருக்கு?"

"அழிச்சிரலாம் ஆச்சி. பத்து நிமிச வேலை."

"சும்மா கெடக்கட்டும்" என்றாள். "மூத்தவனுக்குப் பல்லு மொளைக்கையில கடிச்சது."