எட்டு சிலிண்டர் ஊர்

காரின் சத்தத்தைக் குறைப்பது என் தொழில். சென்னையில் படித்து, ஒரகடத்தில் சில காலம் வேலை பார்த்துவிட்டு மிச்சிகனுக்கு வந்தவள். சுவரெல்லாம் பஞ்சுக் கூம்புகள் பதித்த அறையில் வண்டியை நிறுத்துவோம். சுற்றிலும் மைக் வைத்து, எந்தப் பாகம் அதிர்கிறது, எந்த இடுக்கு வழியாக இரைச்சல் உள்ளே வருகிறது என்று தேடிப் பிடித்து அடைப்போம். கண்ணாடியை ஏற்றினால் வெளியுலகம் வெளியிலேயே நின்றுவிட வேண்டும் என்று கார் வாங்குகிறவர்கள் எதிர்பார்க்கிறார்கள். நான் விரும்பிச் செய்யும் வேலை இது. ஆனால் இந்த மண்ணில் என்னைக் காலூன்ற வைத்தவை, தெருமுனையில் திரும்பும்போதே வீட்டு ஜன்னலை அதிரவைக்கும் அறுபதுகளின் கார்கள்.

வாடகை கட்டுப்படியானதால் பெர்க்லி என்ற சிற்றூரில் வீடு எடுத்திருந்தேன். இரண்டு தெரு தள்ளி உட்வர்ட் அவென்யூ. டெட்ராய்ட் ஆற்றங்கரையையும் பான்டியாக் ஊரையும் இணைக்கும் பெருஞ்சாலை அது. பூர்வகுடிகள் நடந்து உண்டாக்கிய தடத்தின் மேல் போட்டது. அமெரிக்காவில் முதன்முதலாக ஒரு மைல் நெடுஞ்சாலைக்குக் கான்கிரீட் போட்டுப் பார்த்ததும் இதில்தான், 1909-ல். குளிர்காலம் முழுக்க இங்கே சாலையில் உப்புத் தூவுவார்கள். உப்பு பட்டால் பழைய தகடு அரித்துப்போகும் என்பதால் அந்தக் கார்கள் வெளியே தலைகாட்டாது. பனி உருகி, நாலு மழை பெய்து உப்பைக் கழுவிய பிறகு, மே மாதத்து மாலை ஒன்றில் முதல் வண்டி வரும். பிறகு அக்டோபர் வரை ஓயாது.

அந்தச் சத்தத்தை நான் முதலில் தொழில்காதோடுதான் கேட்டேன். அமெரிக்க வி8 எஞ்சினில் பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர்கள். செவ்ரலே, பான்டியாக் எஞ்சின்களில் அவை வெடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். வரிசையை நிதானமாகப் பாருங்கள். எட்டும் நான்கும் அடுத்தடுத்து ஒரே பக்கத்தில் வெடிக்கின்றன. ஐந்தும் ஏழும் அப்படியே. மொத்த எஞ்சினைக் கணக்கில் எடுத்தால் 90 பாகைக்கு ஒரு வெடிப்பு என்று சீராகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பக்கத்துப் புகைக்குழாயில் மட்டும் காதை வைத்தால் இடைவெளி 270 பாகை, 180, 90, மறுபடி 180. காத்திருந்து, நடந்து, துள்ளி, மறுபடி நடக்கிற தாளம். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் குழாய் விட்டுவிட்டால் அந்தத் தாளம் கரையாமல் அப்படியே தெருவுக்கு வரும். கேம் ஷாஃப்ட்டையும் கொஞ்சம் முரட்டுத்தனமாகச் செதுக்கி, உள்வால்வும் வெளிவால்வும் கூடுதல் நேரம் சேர்ந்தே திறந்திருக்கும்படி செய்தால், சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் நின்றுவிடுமோ என்று பயம் காட்டும், நிற்காது. வேகம் ஏற ஏற அந்தத் தடுமாற்றம் மறைந்து ஒரே முழக்கமாகிவிடும். இதை நான் பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன். உட்வர்டில் நின்று கேட்டபோது மயிர்க்கூச்செறிந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் 1966-ம் ஆண்டு பான்டியாக் ஜிடிஓ இருக்கிறது. அவரே பான்டியாக் எஞ்சின் பிரிவில் வேலை பார்த்தவர். இருபத்திரண்டு வயதில் சம்பளப் பணத்தில் புதிதாக வாங்கி, இன்றுவரை வைத்திருக்கிறார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும் கொல்லைப்பக்கக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பானெட்டைத் திறந்து, கார்புரேட்டரை எப்படிக் காதால் சரிசெய்வது என்று காட்டினார். ஒரு சனிக்கிழமை மைக்கும் கருவியும் கொண்டுபோய் அவர் வண்டியின் ஓசையைப் பதிவு செய்தேன். இரண்டு குழாய்க்கும் தனித்தனி வரைபடம். 270-180-90-180 என்று பல்வரிசை போல வந்தது. அந்தத் தாளைச் சட்டம் போட்டு, எஞ்சின் ஆயில் டப்பாக்களுக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறார். வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, இது என் காரின் கையெழுத்து என்கிறார்.

ஜிடிஓ பிறந்த கதையை இந்த ஊரில் குழந்தையும் சொல்லும். நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக்கூடாது என்பது அப்போது ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகத்தின் விதி. பான்டியாக் பிரிவில் ஜான் டிலோரியனும் அவருடைய சக எஞ்சினியர்களும் பெரிய காருக்கான 389 கன அங்குல எஞ்சினை, அதாவது 6.4 லிட்டரை, நடுத்தர டெம்பெஸ்ட்டில் இறக்கிப் பார்த்தார்கள். பொருந்தியது. விதி புதிய மாடல்களுக்குத்தான், விருப்பத் தேர்வாக விற்கும் பாகங்களுக்கு இல்லை என்று ஒரு வழி கண்டுபிடித்து, 300 டாலருக்கும் குறைவான கூடுதல் விலையில் 1964-ம் ஆண்டு காரில் அதைச் சேர்த்தார்கள். முதலில் ஐயாயிரத்துக்கு மட்டும் மேலிடம் அனுமதித்தது. முதல் ஆண்டில் 32,450 விற்றது. என் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய 1966-ல் கிட்டத்தட்ட 97,000.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது விலை. முதல் ஜிடிஓ சுமார் 3,200 டாலர். அன்றைய சராசரி அமெரிக்கக் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் ஏறக்குறைய பாதி. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான ஃபோர்டு மஸ்டாங் இன்னும் மலிவு, 2,368 டாலர். ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் அடிச்சட்டத்தின் மேல் அழகான உடம்பு. முதல் நாளே 22,000 பேர் பதிவு செய்தார்கள். அதே காலத்தில் ஐரோப்பாவில் வேகம் என்பது சீமான்களின் சொத்து. ஜிடிஓ என்ற பெயரையே ஃபெராரியிடமிருந்துதான் எடுத்தார்கள். ஃபெராரி கட்டுகிறவன் ஃபெராரி வாங்க முடியாது. இங்கே காலை ஷிஃப்டில் எஞ்சின் பூட்டியவன், சாயங்காலம் அதே எஞ்சின் உள்ள காரில் உட்வர்டுக்கு வந்தான். தொழிற்சங்கம் போராடி வாங்கிக்கொடுத்த கூலியால் அது நடந்தது. இந்தக் கார்களின் மேல் இங்கே உள்ளவர்கள் வைத்திருக்கும் பாசத்துக்கு வேறு காரணங்கள் ஆயிரம் சொன்னாலும், நான் முதலில் சொல்வது இதைத்தான். செய்த கைக்கே எட்டிய பொருள் இது.

எங்கள் பழைய தமிழ்ப் படங்களில் இம்பாலாவும் பிளிமத்தும் போர்ட்டிகோவில் வந்து நின்றால், இறங்குகிறவர் மில் முதலாளி. என் அம்மாவுக்கு அமெரிக்கக் கார் என்றால் இன்னும் அந்த நினைப்புத்தான். வீடியோ அழைப்பில் பெரியவரின் வண்டியைக் காட்டி, இவர் தொழிற்சாலைத் தொழிலாளி என்று சொன்னபோது அம்மா நம்பவே இல்லை.

மீன் வாங்க நான் ஹாம்ட்ராம்க்குக்குப் போவேன். வங்காளதேசத்துக் கடைகளில் ரோகு கிடைக்கும், நல்ல பச்சைமிளகாய் கிடைக்கும். ஒரு காலத்தில் போலந்துக்காரர்களின் ஊர் அது. டாட்ஜ் மெயின் என்ற மாபெரும் தொழிற்சாலை 1980 வரை அங்கே இருந்தது. 1970-ன் பிளிமத் பாரகூடாவும் டாட்ஜ் சேலஞ்சரும் அங்கே செய்தவை. அவற்றில் சிலவற்றில் 426 கன அங்குல ஹெமி எஞ்சின் இருந்தது: ஏழு லிட்டர், அரைக்கோள வடிவ எரியறை, கம்பெனிக் கணக்கில் 425 குதிரைத்திறன். தொழிற்சாலையை இடித்துவிட்டார்கள். அதே வளாகத்தில் பின்னால் ஜெனரல் மோட்டார்ஸ் கட்டிய ஆலை இப்போது மின்வாகனங்கள் செய்கிறது.

அப்படி ஒரு ஹெமி சேலஞ்சரை வாங்கினார் காட்ஃப்ரே குவால்ஸ். கறுப்பினத்தவர், டெட்ராய்ட் நகரப் போலீஸ்காரர். கறுப்பு வண்டி, வாலில் வெள்ளைப் பட்டை. எழுபதுகளில் இரவு நேரத்தில் உட்வர்டுக்குத் திடீரென்று வருவார், பந்தயம் கட்டியவரைத் தோற்கடிப்பார், நிற்காமல் போய்விடுவார். ஓட்டியது யாரென்று தெரியாமல் வண்டிக்கு ‘பிளாக் கோஸ்ட்’ என்று பெயர் வைத்தார்கள். 1967 ஜூலையில் போலீஸ் சோதனை ஒன்றில் மூண்ட கலவரத்தில் 43 உயிர்களைப் பறிகொடுத்து, வெள்ளையர்கள் கூட்டம் கூட்டமாக, வடக்கு எல்லையான எட்டாம் மைல் சாலையைத் தாண்டி வெளியேறிக்கொண்டிருந்த நகரம் அது. அந்தச் சூழலில் ஒரு கறுப்பினப் போலீஸ்காரர் பகலில் சட்டத்தைக் காத்துவிட்டு, இரவில் முகம் தெரியாமல் சாலையையே தனதாக்கிக்கொண்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. குவால்ஸ் 2015-ல் காலமானார். வண்டி மகனிடம் வந்தது. 2020-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்த்தார்கள். 2023-ல் ஏலத்தில் பத்து லட்சம் டாலருக்கும் மேல் போனது.

விற்ற குடும்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வருத்தமாக இருக்கிறது. 1971-ல் பதினொன்றே பதினொன்று செய்த ஹெமி பாரகூடா கன்வெர்ட்டிபிளில் ஒன்று, 2014-ல் 35 லட்சம் டாலருக்கு விலைபோனது. அந்த விலைக்குப் போன பிறகு வண்டியை எவர் சாலையில் ஓட்டுவார்? குளிரூட்டிய கிடங்கில், துணி போர்த்தி வைப்பார்கள். ஹெமியை எழுப்பாமல் பூட்டி வைத்திருப்பது வீணையை வாங்கி உறையிலேயே வைத்திருப்பதற்குச் சமம்.

இந்தக் கார்களின் காலம் முடிந்ததற்கு மூன்று காரணங்கள் சொல்வார்கள். இளைஞர்கள் ஓட்டும் சக்திமிக்க கார்களுக்கு இன்சூரன்ஸ் கட்டணத்தை ஏற்றினார்கள். 1970-ன் தூய காற்றுச் சட்டம் வந்ததும் ஈயமில்லாத பெட்ரோலுக்கு ஏற்ப எஞ்சின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தார்கள். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. 1974-உடன் ஜிடிஓவும் நின்றது. கார்ப் பிரியர்கள் பலர் சட்டத்தைத் திட்டுவார்கள். நான் திட்ட மாட்டேன். ஈயப் புகை குழந்தைகளின் மூளைக்குள் போகிறது. அதை நிறுத்தியது நல்ல காரியம். ஆண்டுக்குச் சில நூறு மைல் ஓடும் பழைய வண்டிகளால் ஊர்க் காற்றுக்கு வரும் கேடு குறைவு. இரண்டையும் ஒருசேர நினைக்க எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

இன்சூரன்ஸ் கதை இன்னும் தொடர்கிறது. நோவை, கேன்டன், டிராய் பக்கமுள்ள நம் குடும்பங்களில் பெற்றோர் பலரும் கார் எஞ்சினியர்கள். பிரேக், மென்பொருள், பேட்டரி என்று நாள் முழுக்கக் காரோடு இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் காரைப் பற்றிப் பேச மாட்டார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத்தான் ஆசை. தோழி ஒருத்தியின் மகன் முதல் சம்பளத்தில் மஸ்டாங் வாங்கப்போகிறேன் என்றபோது அவள் இன்சூரன்ஸ் தொகையைக் காட்டி அழுதாள். பையன் பயந்து பின்வாங்கவில்லை. ஃபிளாட் ராக்கில் செய்தது, நம்ம ஊர் வண்டி அம்மா என்றான். மிச்சிகனை நம்ம ஊர் என்று அவன் சொன்னது அவளை எப்படித் தொட்டதோ, கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

சேலஞ்சர் இப்போது இல்லை. கடைசி வண்டி 2023 டிசம்பரில் கனடாவின் பிராம்ப்டனில் இறங்கியது, ஈழத் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் ஊர் அது. அடுத்து வந்த மின்சார சார்ஜருக்கு, வி8 போல உறுமும் செயற்கைக் குரலை எஞ்சினியர்கள் உருவாக்கினார்கள். கேட்டுப் பார்த்தேன்; உழைப்புத் தெரிகிறது. ஆனால் அந்தக் குரல் எரிந்து பிறக்கவில்லை, தேர்ந்தெடுத்து ஒலிக்கவைத்தது. கோளாறு வந்தாலும் அது மாறாது. பெரியவரின் வண்டியில் ஒரு பிளக்கில் கரி பிடித்தால்கூடத் தாளம் தப்பும், அவர் உடனே தலையைத் திருப்புவார்.

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் டிரீம் குரூஸ். ஃபெர்ன்டேல் ஊரில் பிள்ளைகளுக்குக் கால்பந்து மைதானம் அமைக்க நிதி திரட்டுவதற்காக 1995-ல் தொடங்கியது. இப்போது லட்சக்கணக்கில் கூடுகிறார்கள். மடக்கு நாற்காலியோடு விடியற்காலையிலேயே இடம் பிடித்தாக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த நாள். ஒரு குறையும் உண்டு. உட்வர்டின் நீளம் 27 மைல். விழா நடப்பதோ ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் வரையுள்ள 16 மைலில். எட்டாம் மைல் சாலைக்குத் தெற்கே, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் டெட்ராய்ட் விழாவுக்கு வெளியே நிற்கிறது. இந்தக் கார்களைப் பூட்டியவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் அங்கேயும் இருக்கிறார்கள், அங்கேயும் கொட்டகைகளில் வண்டிகள் இருக்கின்றன.

பெரியவருக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை, கிளட்ச் மிதிக்க முடிவதில்லை. ஜிடிஓவைப் பேத்தியின் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். அவள் எலக்ட்ரீஷியன் பயிற்சியில் இருக்கிறாள். வாங்கிக்கொள்கிறோம் என்று கடிதம் அனுப்புகிறவர்களுக்கு அவள் பதில் போடுவதில்லை. இந்த ஆகஸ்டில் ஆற்றங்கரையிலிருந்தே புறப்பட்டு முழு 27 மைலையும் ஓட்டப்போகிறாளாம். பக்கத்து இருக்கை எனக்கு. நெரிசலில் ஊர்ந்தால் எஞ்சின் சூடேறும் என்று இப்போதே பெரிய ரேடியேட்டர் மாட்டிக்கொண்டிருக்கிறோம். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்தபடி, இடது பக்கத்து போல்ட்டை இன்னும் கால் சுற்று முறுக்கு என்கிறார்.