ரேஸ் டிராக்கும் 108-உம்

1/ பழவேற்காட்டுல இருந்து சென்னைக்கு நோயாளியை அனுப்பினா, ஆம்புலன்ஸ் பொன்னேரி தாண்டி சோழவரம் பக்கமாத்தான் போகும். அங்க இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்துலதான் ஒரு காலத்துல மோட்டார் ரேஸ் நடந்துச்சு, தெரியுமா? நடத்தினது 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. டிராக் வந்தது.

2/ டாக்டரா நான் கவனிக்கிறது வேகத்தை இல்லைங்க. ஃபார்முலா 1-ல் முதல் சுற்றுல கார்களுக்குப் பின்னாலேயே டாக்டரோட மெடிக்கல் காரும் போகும். முதல் சுற்றுலதான் மோதல் அபாயம் அதிகம். அடிபடுறதுக்கு முன்னாடியே உதவி அங்க நிக்கும்.

3/ நம்ம ஏரிக் குப்பத்துல நெஞ்சுவலின்னா முதல்ல படகு, கரைக்கு வந்தப்புறம்தான் போன். அப்படி வேண்டாம். படகு கிளம்பும்போதே 108-ஐக் கூப்பிடுங்க. கரையில வண்டி காத்திருக்கட்டும், நோயாளி காத்திருக்கக் கூடாது.