கணக்கில் வராத காய்ச்சல்

குணமாக வந்த இடத்திலேயே புது நோயைத் தொற்றிக்கொண்டு போகும் கொடுமை இன்று நேற்று வந்ததல்ல. நர்சிங் படிக்கும் பிள்ளைகள் என்னைத் தேடி வரும்போது, வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவ வார்டுகளைப் பற்றித்தான் முதலில் சொல்வேன்.

அங்கே இரண்டு பிரிவுகள். ஒன்றில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள், மற்றதில் மருத்துவச்சிகள். ஒரு நாள் இங்கே, மறுநாள் அங்கே என்று மாறி மாறிச் சேர்க்கை. 1846-இல் முதல் பிரிவில் நூற்றுக்கு 11.4 தாய்மார்கள் இறந்தார்கள், இரண்டாவதில் 2.8. முதல் பிரிவில் மட்டும் சேர்க்க வேண்டாம் என்று பெண்கள் மண்டியிட்டு அழுதிருக்கிறார்கள். வரும் வழியில் தெருவிலேயே பெற்றவர்களுக்குக்கூட இந்தச் சாவுகளுக்குக் காரணமான பிரசவக் காய்ச்சல் அதிகம் வரவில்லை.

இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவருக்கு இது உறுத்தியது. இறுதிச் சடங்குக்கு வரும் பாதிரியாரின் மணியோசை கேட்டுப் பயந்து சாகிறார்களோ என்றுகூட யோசித்து, அவர் வரும் வழியை மாற்றிப் பார்த்தார். பலனில்லை. 1847-இல் அவருடைய நண்பர் கொல்லெச்கா, பிணப் பரிசோதனையின்போது ஒரு மாணவனின் கத்தி விரலில் பட்டு, அந்தத் தாய்மார்களைப் போலவே காய்ச்சல் கண்டு இறந்தார். பிணவறையில் வேலை செய்த கையோடுதானே மருத்துவர்கள் பிரசவ வார்டுக்கு வருகிறார்கள்! அந்த மே மாதம், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவியே ஆக வேண்டும் என்றார் செம்மல்வைஸ். ஏப்ரலில் நூற்றுக்கு 18.3 ஆக இருந்த சாவு, ஜூனில் 2.2, ஜூலையில் 1.2.

கிருமியால் நோய் வரும் என்பதே நிலைநாட்டப்படாத காலம் அது. நுண்ணோக்கி காட்டித் தராததை அவருக்குக் காட்டிக்கொடுத்தது அந்த மருத்துவமனையின் பேரேடு. பிறப்பும் இறப்பும் பிரிவு வாரியாக, மாத வாரியாக எழுதப்பட்டிருந்ததால்தான் அவரால் ஒப்பிட முடிந்தது. தங்கள் கையே தாய்மார்களைக் கொன்றது என்பதைப் பல மருத்துவர்களால் ஏற்க முடியவில்லை. 1865-இல், 47 வயதில், மனநல விடுதியொன்றில் புண் புரையோடி அவர் இறந்தார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

அந்தப் பேரேட்டின் வேலையை இன்று செய்பவர் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ். தினமும் ஒரே நேரத்தில் ஐ.சி.யூ.வுக்குப் போய், எத்தனை பேருக்கு சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக் குழாய்க்குள் போடும் ட்யூப்), எத்தனை பேருக்கு யூரின் ட்யூப், எத்தனை பேர் வென்டிலேட்டரில் என்று எண்ணிக் குறிப்பார். நாளொன்றுக்குப் பத்துப் பேருக்கு லைன் இருந்தால் மாதத்துக்கு 300 லைன் நாள். அதில் இரண்டு ரத்தத் தொற்று என்றால், 1000 நாளுக்கு ஏறக்குறைய 6.7. வெறும் 'இரண்டு' என்றால் எதுவும் புரியாது. 3000 நாளில் இரண்டு வந்தால் அது வேறு கதை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்கள் சேர்ந்து இப்படித்தான் எண்ணின. லைன் போடுமுன் கை கழுவுவது, நோயாளியைக் கிருமி நீக்கிய துணியால் முழுவதும் மூடுவது, தோலில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைத் தடவுவது, தொடை மடிப்பில் லைன் போடுவதைத் தவிர்ப்பது, தேவை முடிந்ததும் எடுத்துவிடுவது. செய்தது அவ்வளவுதான். 1000 லைன் நாளுக்கு 2.7 என்றிருந்த ரத்தத் தொற்றின் நடு அளவு, மூன்றே மாதத்தில் பூஜ்யம் ஆனது. 2006-இல் வெளிவந்த அறிக்கை அது. முறை தவறினால் லைன் போடும் டாக்டரையே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அங்கே நர்ஸுக்கு இருந்தது. என்னைக் கேட்டால், குளோர்ஹெக்சிடினைவிட அதுதான் பெரிய மருந்து.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு மாதம் தொற்று எண்ணிக்கை ஏறியது. கூட்டத்தில் எழுந்த முதல் கேள்வி, "அன்னைக்கு யார் டியூட்டி?" அடுத்த மாதம் எண்ணிக்கை இறங்கிவிட்டது. காய்ச்சல் வந்தவர்களுக்குத் தொற்றைக் கண்டுபிடிக்கும் ரத்தக் கல்ச்சர் அனுப்புவதையே குறைத்துவிட்டார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். காய்ச்சல் குறையவில்லை, கணக்கில் வரவில்லை, அவ்வளவே. உண்மையை எழுதிய பெண்ணைத் திட்டினால் அடுத்த தடவை அவள் எழுதமாட்டாள். பொறுப்பில் இருப்பவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று இந்த வயதிலும் கெஞ்சிக் கேட்கிறேன்.

கை கழுவவில்லை என்று சின்னப் பிள்ளைகளை அதட்டுமுன், கட்டில் ஓரத்து ஹேண்ட் ரப் பாட்டிலை அழுத்திப் பாருங்கள். பாதி நாள் காற்றுதான் வரும். ஸ்டோர்ஸுக்கு இன்டென்ட் போட்டு வாங்கி வைத்துவிட்டு அப்புறம் அதட்டலாம். பாட்டில் நிறைந்திருந்தாலும் பலர் உள்ளங்கையைத் தேய்த்து உதறிவிடுகிறார்கள். கட்டை விரலும் விரல் நுனிகளும் அப்படியே விட்டுப்போகும். நோயாளியை முதலில் தொடுவதே அந்த நுனிகள்தான். 20 முதல் 30 நொடி தேய்க்க வேண்டும். கையுறை போட்டிருக்கிறோமே என்று ஒரே கையுறையோடு கட்டில் கட்டிலாகப் போவது இன்னும் மோசம்.

கூட இருந்து பார்த்துக்கொள்ளும் சொந்தக்காரர்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். யூரின் பையைத் தரையில் போடக் கூடாது, படுக்கைக்கு மேலே தூக்கி வைக்கக் கூடாது என்று ஒரு தடவை சொன்னால் போதும், கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வார்கள். "அம்மாவுக்கு இந்த ட்யூப் இன்னும் வேணுமா, சிஸ்டர்?" என்று மகள் ஒருத்தி கேட்டால் எரிந்து விழாதீர்கள். கேஸ் ஷீட்டில் ட்யூப் போட்ட தேதியைப் பார்த்து, அன்றைய ரவுண்ட்ஸிலேயே டாக்டரிடம் அதே கேள்வியைக் கேளுங்கள்.