அன்னவாசல் பக்கம் ஒரு சைக்கிள் சவாரி

மண் ரோட்டில் ஓட்டுவதற்கென்றே இப்போது ஒரு சைக்கிள் விற்கிறார்கள். 'கிராவல் பைக்' என்று பெயர். தடித்த டயர், வளைந்த ஹாண்டில்பார், விலையோ அரை லட்சத்துக்கும் மேலே! திருச்சியில் எங்கள் தெருப் பையன் ஒருவன் ஒன்று வாங்கி, ஞாயிறுதோறும் அதைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு கிராமத்துப் பக்கம் போகிறான். புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் என் அண்ணியிடம் இந்தச் சங்கதியைச் சொன்னேன். "ஏன், சாதா சைக்கிள் மண்ணுல போகாதாமா? நான் முப்பது வருஷத்துக்கு மேல எதுல போறேனாம்?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நம்பித்தான் தை மாதம் நான்கு நாள் அண்ணி வீட்டில் போய்த் தங்கினேன். அன்னவாசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். எனக்கு வாய்த்தது அண்ணியின் பேத்திக்குப் பிளஸ் ஒன் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள். அண்ணிக்கு அவருடைய பழைய வண்டி. அதுவும் ஆண்கள் ஓட்டும், நடுவில் பார் வைத்த வண்டி!

அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு 'கிராவல்' புதிய சொல்லே அல்ல. "நம்ம ரோட்டுக்குக் கிராவல் அடிச்சாச்சு" என்றால், செம்மண்ணும் பொடிக்கல்லும் கொட்டி உருளை ஓட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். முதல் மழைக்கு மண் கரைந்துவிடும்; கல் மட்டும் மிஞ்சும். அதில் சைக்கிள் விடுவது ஒரு தனி வித்தை. "முன் பிரேக்கை அழுத்தாதே, வாரி விட்டுடும். மணல் வந்தா ஹாண்டிலைத் திருப்பாம நேரா மெதிச்சுக்கிட்டே போ. பள்ளத்துல சீட்டை விட்டுக் கொஞ்சம் எந்திரிச்சுக்க" என்று முன்னால் போய்க்கொண்டே சொல்லிக்கொடுத்தார். டயரில் காற்றையும் கல்லு மாதிரி அடிக்காமல், விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்குகிற அளவுக்கு விட்டுக்கொண்டோம். குலுக்கல் பாதியாகக் குறைந்தது.

முதல் நாள் சித்தன்னவாசல். காலை ஆறு மணிக்கே கிளம்பி, கண்மாய்க்கரை மேலேயே பாதித் தூரம் போனோம். இந்த மாவட்டத்தில் சிறிதும் பெரிதுமாக 5,000-க்கும் மேல் குளம், கண்மாய்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை சரியாகப் பெய்திருந்தால் தை மாதத்தில் ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் கதிர் முற்றிய வயல், நடுவில் நம் சைக்கிள். கரையை விட்டு இறங்கினால் சட்டென்று வேறு சீமை: பொட்டல், சீமைக் கருவேலம், அங்கங்கே வட்டமாக நட்ட கற்கள். ஆடு மேய்த்த ஆத்தாவிடம், "என்ன ஆத்தா கல்லு இது?" என்று கேட்டேன். "அந்தக் காலத்துச் சனங்களைப் பொதைச்ச எடம் தாயீ. மிதிக்காமப் போங்க" என்றார். பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்களைப் பற்றிப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், பார்த்தது அன்றுதான்.

சித்தன்னவாசலில் தாமரைக்குள ஓவியத்தைப் பார்க்க எல்லோரும் போகிறார்கள். மீனும் யானையும் பூப்பறிக்கும் துறவிகளும் பல இடங்களில் மங்கிப்போய்விட்டாலும், இருக்கிற மட்டும் கண்ணைப் பறிக்கிறது. அதோடு திரும்பிவிடாதீர்கள். மலைக்கு மறுபுறம் ஏழடிப்பட்டம் என்ற குகையில் சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகள் 17 உண்டு. தலையணை மாதிரி மேடு செதுக்கி, வழவழவென்று தேய்த்து வைத்திருக்கிறார்கள். ஏறுவது கொஞ்சம் செங்குத்து. தலைசுற்றல் உள்ளவர்கள் கீழேயே இருப்பது நல்லது.

மறுநாள் குடுமியான்மலை. பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டு அங்கே பேர் பெற்றது. சுவாமிக்குக் குடுமி வந்த கதையை அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் மூன்று பேரிடம் மூன்று விதமாகக் கேட்டேன்! எனக்கு மனதில் நின்றது என்னவோ திரும்பி வந்த வழிதான். ஆர்.எஸ். பதிக் காட்டுக்குள் புகுந்து வந்தோம். தைல மரத்துக்கு அங்கே அதுதான் பேர். காய்ந்த இலை மெத்தை மேல் சக்கரம் ஓசையில்லாமல் உருளுகிறது. நிழல் உண்டு, வாசனை உண்டு. ஆனால் அடியில் ஒரு புல் பூண்டு கிடையாது. குருவிச் சத்தம்கூட அபூர்வம். அழகாகத்தான் இருக்கிறது, எனக்கென்னவோ பிடிக்கவில்லை.

அந்தக் காட்டு வழியில்தான் அண்ணி சைக்கிளை நிறுத்தினார். "இந்தா, இப்படித்தான் எங்கம்மா வீட்டுக்குப் போவேன்" என்றார்.

1991-ல் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வயலில் வேலை செய்கிறவர், கல் உடைக்கிறவர், ஆயா, நர்ஸ் என்று ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கடைகளில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோய், ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்களாம். சிலர் பிரியப்பட்டே அதை வாங்கினார்கள், நடு பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று! அண்ணிக்கு அப்போது இருபத்தைந்து வயது. மகனை அந்தப் பாரில்தான் வைத்து ஓட்டியிருக்கிறார்.

"மறு வருஷம் எங்கம்மா படுத்துட்டாங்க. ஆறு கிலோமீட்டர்தான், ஆனா பஸ்ஸு காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. முன்னேயெல்லாம் உங்கண்ணன் கூட்டிட்டுப் போனாத்தான் உண்டு. சைக்கிள் இருந்ததாலே நாலு மாசம் தெனம் போனேன். இங்க சோறாக்கி வச்சிட்டு, அங்க போய்க் குளிப்பாட்டிக் கஞ்சி குடுத்துட்டு, பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடுவேன். ஊர்ல என்னென்னமோ பேசினாங்க. பேசட்டுமே! கடைசி நாள் வாயில பால் ஊத்தினது நான்தான்."

அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தோம்.

மூன்றாம் நாள் நார்த்தாமலை. தூரமும் அதிகம், பாதையும் மோசம். கல் குவாரி லாரி ஓடிய ரோடுகளில் குழி எது, குட்டை எது என்று தெரியாது. லாரி வந்தால் இறங்கி ஓரமாக நின்றுவிடுங்கள். தூசி அடங்க ஐந்து நிமிஷம் பிடிக்கும். மேலமலைச் சரிவில் விஜயாலய சோழீச்சுரம் மேற்கு பார்த்து நிற்கிறது. வெளியே சதுரம், உள்ளே வட்டக் கருவறை. வண்டியைக் கீழே விட்டுப் பாறை மேல் நடந்து ஏற வேண்டும். சித்திரை, வைகாசியில் அந்தப் பாறையில் கால் வைக்க முடியாது. பங்குனியில் மாரியம்மன் திருவிழாக் கூட்டம். ஆகவே மார்கழியிலிருந்து மாசி வரைதான் தோது.

நம் வயதுக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. உடம்புப் பாரத்தைச் சீட்டு தாங்குவதால் நடையைவிடச் சைக்கிள் முழங்காலுக்கு இதம். சீட்டு தாழ்ந்திருந்தால்தான் முட்டி வலிக்கும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நீளுகிற உயரத்தில் சீட்டு இருக்கட்டும். இதய நோய், அதிக ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். சேலையானால் முந்தானையை இறுக்கிச் செருகுங்கள்; நான் சுடிதாருக்கு மாறிவிட்டேன், அண்ணி மாறவில்லை. இரண்டு பாட்டில் தண்ணீர், கடலை மிட்டாய், கைப்பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான் இவை கட்டாயம். கருவேல முள்ளுக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. மூன்று நாளில் நான்கு பஞ்சர். நான்கையும் ஒட்டியது அண்ணி.

அடுத்த தடவை கிழக்கே, ஆலங்குடி தாண்டிக் கீரமங்கலம் பக்கம். அங்கே பாறையும் பொட்டலும் கிடையாது. பலாவும் வாழையும் பூந்தோட்டமுமாக இருக்கும். அண்ணியின் மருமகளும் வருகிறேன் என்றிருக்கிறாள். ஸ்கூட்டியில் பறக்கும் அவள் சைக்கிளைத் தொட்டுப் பத்து வருஷமாகிறது. மாமியார் வண்டியைத்தான் கேட்டிருக்கிறாள்; அண்ணி இன்னும் சரி என்று சொல்லவில்லை.